டைரோஸ்-1

டைரோஸ்-1 என்பது ஐக்கிய அமெரிக்கா 1960 ஏப்ரல் 1 அன்று விண்ணில் ஏவிய வானிலைச் செயற்கைக்கோள் ஆகும். புவியின் முகில் கூட்டங்களைத் தொலைக்காட்சிப் படக்கருவி கொண்டு படம்பிடித்து, வானிலை ஆய்வாளர்கள் பயன்படுத்தத்தக்க வகையில் தரைநிலையங்களுக்கு அனுப்பிய முதல் செயற்கைக்கோள் இதுவே. இதற்கு முன்பும் இம்முயற்சிகள் நடந்தன, அவை பயன்தரவில்லை. ஆகவே, "வெற்றிகரமாகச் செயற்பட்ட முதல் வானிலைச் செயற்கைக்கோள்" என்று இதனைக் குறிப்பிடுவது வழக்கம்.

"தொலைக்காட்சி, அகச்சிவப்பு நோக்குச் செயற்கைக்கோள்" என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டைரோஸ் என்னும் பெயர் இடப்பட்டது. ஆனால் வானிலை அளவீட்டுக்கான அகச்சிவப்புக் கருவி எதுவும் டைரோஸ்-1 இல் இல்லை. அக்கருவிகள் அதே ஆண்டு நவம்பரில் ஏவப்பட்ட டைரோஸ்-2 இல்தான் முதலில் இடம்பெற்றன. பெயர் மட்டும் முன்கூட்டியே சூட்டப்பட்டுவிட்டது.

இச்செயற்கைக்கோள் 78 நாட்கள் மட்டுமே பணியாற்றியது. அது அனுப்பிய படங்கள் இன்றைய கண்களுக்கு மங்கலானவை. எனினும், விண்ணிலிருந்து பார்ப்பதால் வானிலை அறிவியலுக்கு ஏதேனும் பயன் உண்டா என்று பத்தாண்டுக் காலமாக நிலவிய ஐயத்துக்கு அப்படங்கள் விடையளித்தன.

பின்னணி

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வானிலை அவதானிப்பு என்பது பெரும்பாலும் நிலத்தில் நிற்பவர்களின் பணியாகவே இருந்தது. வானிலை நிலையங்களின் அளவீடுகள், பலூன்களில் பறக்கவிடப்பட்ட கருவிகள், வழியிற் செல்லும் கப்பல்களின் செய்திகள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராடார், வேவு வானூர்திகள் ஆகியவையே வானிலை ஆய்வாளர்களுக்குக் கிடைத்த ஆதாரங்கள். புவிப்பரப்பில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கடல். அக்கடலின் பெரும்பகுதியில் கப்பல் வழித்தடங்களைத் தவிர்த்த இடங்களில் என்ன நடக்கிறது என்பதை அறிய வழியில்லை. வெப்பமண்டலச் சூறாவளிகள் உருவாவதோ அந்தக் கடலில்தான்.

இதன் விளைவுக்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவில் அடிக்கடி நினைவுகூரப்படுவது 1900 செப்டம்பர் 8 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரைத் தாக்கிய சூறாவளியாகும். மெக்சிகோ வளைகுடாவைக் கடந்துவந்த அப்புயலின் உண்மையான போக்கும் வலிமையும் நகருக்கு உரிய நேரத்தில் தெரியவில்லை. ஏறத்தாழ 8000 பேர் உயிரிழந்தனர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு.

உயரத்திலிருந்து முகில்களைப் பார்க்கும் வாய்ப்பு முதலில் போர்க்கருவி ஒன்றின் மூலம் கிடைத்தது. செருமனியிடமிருந்து கைப்பற்றப்பட்ட வி-2 ராக்கெட்டுகளை அமெரிக்கர்கள் நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ஏவிச் சோதித்தபோது, அவற்றில் திரைப்படக் கருவிகளையும் பொருத்தி அனுப்பினர். 1946 அக்டோபர் 24 அன்று ஏவப்பட்ட ராக்கெட் 100 கி.மீ.க்கு மேல் உயர்ந்து, விண்வெளியிலிருந்து புவியின் முதல் ஒளிப்படத்தை எடுத்தது. கருவி தரையில் மோதி நொறுங்கினாலும் படச்சுருள் எஃகுப் பேழைக்குள் பாதுகாப்பாக இருந்தது.

1951 இல் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான்லி கிரீன்ஃபீல்டு, வில்லியம் கெல்லாக் ஆகிய இருவரும் செயற்கைக்கோளிலிருந்து வானிலையை வேவு பார்ப்பது இயலுமா என்பதை ஆராய்ந்து அறிக்கை ஒன்றைத் தயாரித்தனர். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்-1 ஏவப்படுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்ட அறிக்கை இது. முகில்களின் வடிவத்தையும் பரவலையும் மட்டும் கண்டே வளிமண்டலத்தின் நிலையைக் குறித்துப் பலவற்றை ஊகிக்கலாம் என்று அவர்கள் வாதிட்டனர்.

அந்த வாதத்துக்கு 1954 அக்டோபர் 5 அன்று தற்செயலாக ஒரு சான்று கிடைத்தது. வைட் சாண்ட்சிலிருந்து ஏவப்பட்ட கடற்படையின் ஏரோபீ ராக்கெட் ஒன்று எடுத்துவந்த படங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தபோது, டெக்சாசின் டெல் ரியோ நகருக்கு அருகே சுழல்வடிவ முகிலுடன் ஒரு வெப்பமண்டலப் புயல் தெளிவாகத் தெரிந்தது. அங்கே அத்தகைய புயல் ஒன்று இருந்ததைத் தரையிலிருந்த அவதானிப்பாளர்கள் உணர்ந்திருக்கவில்லை. ராக்கெட் அப்புயலைத் தேடிச் சென்றதும் அல்ல.

ஹாரி வெக்சிலரின் ஓவியம்

அமெரிக்க வானிலைப் பணியகத்தின் ஆராய்ச்சி இயக்குநராக இருந்த ஹாரி வெக்சிலர், 1944 இல் வானூர்தியில் சூறாவளியின் உட்பகுதிக்குள் வேண்டுமென்றே பறந்த அறிவியலாளர் என்ற பெயர் பெற்றவர். வானிலைச் செயற்கைக்கோள் குறித்து எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்குக்கும் இவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இருந்தது. (கிளார்க் பின்னர் 1956 இல் இலங்கையில் குடியேறினார்.) தொடக்கத்தில் தயக்கம் காட்டிய வெக்சிலர், விரைவில் இக்கருத்தின் முதன்மையான ஆதரவாளரானார்.

1954 இல் நியூ யார்க்கின் ஹேடன் கோளரங்கில் நடைபெற்ற கருத்தரங்கில் அவர் ஓர் ஓவியத்தைக் காட்டினார். டெக்சாசுக்கு மேலே ஏறத்தாழ 6400 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் வட அமெரிக்காவின் மேல் முகில்கள் எவ்வாறு தோன்றும் என்று வானிலையியல் விதிகளின்படி கணித்து, ஓவியரைக் கொண்டு வரைவித்த படம் அது. அதில் சூறாவளிச் சுழல், வெப்ப, குளிர் முகப்புகளின் முகில் பட்டைகள், கடற்கரை மூடுபனி ஆகியவை இடம்பெற்றிருந்தன. யாரும் காணாத காட்சியை முன்கூட்டியே வரைந்துவைத்த அச்செயல் ஒருவகையில் ஒரு பந்தயம் எனலாம். ஆறாண்டுகளுக்குப் பின் டைரோஸ்-1 அனுப்பிய படங்களுடன் ஒப்பிட்டபோது, பெரிய முகில் அமைப்புகளைப் பொறுத்தவரை ஓவியம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

முன்முயற்சிகள்

1959 பெப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட வான்கார்டு-2, முகில்களை அளப்பதற்கென்றே அனுப்பப்பட்ட முதல் செயற்கைக்கோள். 50 செ.மீ. விட்டமும் ஏறத்தாழ 10 கிகி எடையும் கொண்ட இக்கோளத்தில் இரண்டு ஒளிமின்கலங்கள் இருந்தன. கோளம் சுழலச் சுழல, அவை புவிப்பரப்பின் வெளிச்சத்தை வரிவரியாகத் துருவிப் படமாக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் பிரிந்த பிறகும் எரிந்துகொண்டிருந்த இறுதிக்கட்ட ராக்கெட் கோளத்தின் மீது இடித்துவிட்டதால், அது தலையாட்டும் பம்பரம்போலத் தள்ளாடத் தொடங்கியது. கருவிகள் குறையின்றி இயங்கின, தகவல்களும் வந்தன. ஆனால் எந்த அளவீடு எந்த இடத்துக்குரியது என்று பிரித்தறிய முடியாமற்போனது.

அதே ஆண்டு ஆகத்து மாதம் எக்ஸ்புளோரர்-6 பசிபிக் பெருங்கடலின் ஒரு பகுதியைக் காட்டும் தெளிவற்ற படம் ஒன்றை அனுப்பியது. அக்டோபரில் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர்-7, புவிக்கு வந்துசேரும் வெப்பத்தையும் புவியிலிருந்து வெளியேறும் வெப்பத்தையும் அளந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வெர்னர் சுவோமி அதற்கான கருவியை உருவாக்கியிருந்தார். இவை அறிவியல் அடிப்படையில் முக்கியமானவை என்றாலும், நாளைய வானிலையைச் சொல்ல வேண்டியவர்களுக்கு உதவக்கூடியவை அல்ல.

உளவுத் திட்டத்திலிருந்து வானிலைத் திட்டம்

டைரோசின் தோற்றம் வானிலைப் பணியகத்தில் அல்ல, இராணுவ உளவில் உள்ளது. தொலைக்காட்சிப் படக்கருவியைச் செயற்கைக்கோளில் வைத்துப் பகைநாட்டைக் கண்காணிக்கும் யோசனையை ஆர்.சி.ஏ. நிறுவனம் 1950களில் ஆய்வு செய்தது. உளவுச் செயற்கைக்கோளுக்கான பணியை அமெரிக்க வான்படை லாக்ஹீட் நிறுவனத்துக்கு வழங்கிவிடவே, ஆர்.சி.ஏ. தன் திட்டத்துடன் தரைப்படையின் ஏவுகணை முகமையை அணுகியது. அங்கே அது ஜேனஸ் என்ற பெயரில் வளர்ந்தது. 1958 இல் உயர் ஆராய்ச்சித் திட்ட முகமை பொறுப்பேற்றபோது, நுண்ணிய விவரங்களைக் காட்ட இயலாத தொலைக்காட்சிப் படம் உளவுக்கு உதவாது என்பதும், முகிலைக் காண்பதற்கு அதுவே போதும் என்பதும் தெளிவாகியிருந்தன. உளவுக்கு உதவாத அந்தக் குறைபாடே திட்டத்தைப் பொதுப்பணிக்குக் கொண்டுவந்தது.

1959 ஏப்ரலில் திட்டம் புதிதாக அமைந்திருந்த நாசாவின் கைக்கு மாறியது. செயற்கைக்கோளை ஆர்.சி.ஏ. கட்டியது. தரைப்படையின் தகவல்தொடர்புப் பிரிவு, வானிலைப் பணியகம், வான்படை, கடற்படை ஆகியவையும் பங்கேற்றன. நாசாவின் சார்பில் திட்டத்தை நிருவகித்தவர் வில்லியம் ஸ்ட்ரௌட். தள்ளாடிய வான்கார்டு-2 இன் முகில் ஆய்வுக்கும் அவரே பொறுப்பாக இருந்தார்.

அமைப்பு

டைரோஸ்-1, 18 பக்கங்கள் கொண்ட தட்டையான பட்டக வடிவினது. விட்டம் 107 செ.மீ., உயரம் ஏறத்தாழ 50 செ.மீ., எடை 122.5 கிகி. பெரியதொரு மத்தளத்தை நிமிர்த்தி வைத்துக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் துண்டை ஒத்த உருவம் எனலாம். மேற்பரப்பையும் பக்கங்களையும் சுமார் 9000 சூரிய மின்கலங்கள் மூடியிருந்தன. அவை நிக்கல்-காட்மியம் மின்கல அடுக்குகளில் மின்னாற்றலைச் சேமித்தன.

அடித்தட்டில் இரண்டு தொலைக்காட்சிப் படக்கருவிகள் கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டிருந்தன. ஒன்று அகன்ற பார்வை கொண்டது. நேர்க்கீழே நோக்கும்போது ஏறத்தாழ 1200 கி.மீ. பக்கமுள்ள சதுரப் பரப்பைக் காட்டும். மற்றது குறுகிய பார்வை கொண்டது. ஏறத்தாழ 120 கி.மீ. பக்கமுள்ள பரப்பைச் சற்று நுணுக்கமாகக் காட்டும். இரண்டிலும் விடிகான் எனப்படும், அரை அங்குல விட்டமுள்ள படக்குழாய் பயன்பட்டது. மூடி ஒருகணம் திறந்து மூடியதும், குழாயின் ஒளியுணர் பரப்பில் காட்சி மின்னூட்டமாகப் பதியும். பின்னர் மின்னணுக் கற்றை ஒன்று அப்பரப்பை 500 வரிகளாக, இரண்டு நொடிகளில் படித்து முடிக்கும். 1200 கி.மீ.யை 500 வரிகளாகப் பகுத்தால் ஒரு வரிக்கு ஏறத்தாழ இரண்டரை கி.மீ. வரும். ஊர்களோ சாலைகளோ இதில் தெரியா. முகில்கூட்டங்களும் கடற்கரைகளும் தெரியும்.

தரைநிலையத்தின் பார்வை எல்லைக்குள் செயற்கைக்கோள் இருக்கும்போது படங்களை நேரடியாக அனுப்பலாம். அவ்வெல்லைக்கு அப்பால் எடுக்கும் படங்களைச் சேமிக்க, ஒவ்வொரு படக்கருவிக்கும் ஒரு காந்த நாடாப் பதிவி இருந்தது. ஒவ்வொன்றிலும் 32 படங்கள் கொள்ளும். 30 நொடிக்கு ஒன்று என எடுத்தால், 16 நிமிடங்களில் நாடா நிறைந்துவிடும். எங்கே எப்போது படம் எடுக்கத் தொடங்க வேண்டும் என்பதைத் தரையிலிருந்து முன்கூட்டியே கட்டளையாக அனுப்பினால், செயற்கைக்கோளிலுள்ள கடிகாரம் அவ்வேளையில் கருவியை இயக்கிவைக்கும். அடுத்த முறை தரைநிலையத்துக்கு மேலே வரும்போது நாடாவிலுள்ளவை ஒலிபரப்பப்பட்டு அழிக்கப்படும்.

முதன்மைத் தரைநிலையங்கள் இரண்டு. நியூ செர்சியின் மன்மத் கோட்டைக்குரிய இவான்ஸ் முகாமில் ஒன்றும், அவாய்த் தீவுகளின் கயீனா முனையில் மற்றொன்றும் இருந்தன. வந்துசேர்ந்த சமிக்ஞைகள் தொலைக்காட்சித் திரையில் காட்சியாக்கப்பட்டு, திரைக்கு எதிரே வைக்கப்பட்ட 35 மி.மீ. படக்கருவியால் படச்சுருளில் பதிவுசெய்யப்பட்டன.

ஏவலும் முதற்படங்களும்

1960 ஏப்ரல் 1 அன்று உள்ளூர் நேரம் காலை 6:40 மணிக்கு, புளோரிடாவின் கானவெரல் முனையிலிருந்து தோர்-ஏபிள் ராக்கெட் மூலம் டைரோஸ்-1 ஏவப்பட்டது. அது ஏறத்தாழ 700 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 48.4 பாகை சாய்வான சுற்றுப்பாதையை அடைந்தது. ஒரு முறை புவியைச் சுற்றிவர 99 நிமிடங்கள் ஆயின. சுற்றுப்பாதையின் சாய்வு காரணமாக, துருவங்களை ஒட்டிய பகுதிகள் அதன் பார்வைக்கு எட்டவில்லை.

ஏவப்பட்ட அன்றே படங்கள் வந்துசேர்ந்தன. தொடக்கப் படங்களில் ஒன்றில் அமெரிக்காவின் மேயின் மாநிலமும் கனடாவின் கிழக்குக் கரையும் முகில்களுக்கிடையே தெரிந்தன. செயின்ட் லாரன்ஸ் வளைகுடா கறுப்பாக, நீரென ஐயமின்றி அறியும்படி இருந்தது. நாசா நிருவாகி கீத் கிளெனன் அன்றைய தினமே படங்களை வெள்ளை மாளிகைக்கு எடுத்துச்சென்று, குடியரசுத் தலைவர் ஐசனாவரிடம் காட்டினார்.

படம் எவ்விடத்தைச் சார்ந்தது?

டைரோஸ்-1 இன் வரலாற்றில் மிகக் கடினமான பகுதி படம் எடுப்பதன்று. எடுத்த படம் எவ்விடத்தைக் காட்டுகிறது என்று அறிவதாகும். இச்சிக்கல் செயற்கைக்கோள் நிலைப்படுத்தப்பட்ட முறையிலிருந்து எழுந்தது.

விண்ணில் ஒரு பொருளைத் தடுமாறாமல் நிறுத்த எளிய வழி, அதனைப் பம்பரம்போலச் சுழலவிடுவதே. இறுதிக்கட்ட ராக்கெட்டுடன் சேர்ந்து சுழன்ற டைரோஸ், பிரிந்தபோது நிமிடத்துக்கு 130 சுற்றுகளுக்கு மேல் சுழன்றுகொண்டிருந்தது. அவ்வேகத்தில் எடுக்கும் படம் கலங்கிவிடும். எனவே கம்பிகளில் கட்டிய இரு எடைகள் வெளியே வீசப்பட்டன. அவை சுழற்சியின் பெரும்பகுதியைத் தம்முடன் எடுத்துச்சென்றுவிட, வேகம் நிமிடத்துக்குப் பத்துச் சுற்றுகள் என்ற அளவுக்குக் குறைந்தது. வேகம் மேலும் தளர்ந்தால் மீண்டும் முடுக்கிவிட, அடித்தட்டின் விளிம்பில் சிறு ராக்கெட்டுகள் பொருத்தப்பட்டிருந்தன.

சுழலும் பொருளின் அச்சு விண்வெளியில் ஒரே திசையை நோக்கி நிற்கும். படக்கருவிகளோ அந்த அச்சின் திசையிலேயே நோக்கின. ஆகவே டைரோஸ் புவியைச் சுற்றிவந்தபோது, பாதையின் ஒரு பகுதியில் மட்டும் படக்கருவிகள் புவியை நேராகப் பார்த்தன. பிற இடங்களில் அவை சாய்வாகப் பார்த்தன, அல்லது வெறும் விண்வெளியைப் பார்த்தன. கோயிற் பிரகாரத்தை வலம்வரும் ஒருவர் முகத்தை எப்போதும் கிழக்கே வைத்துக்கொண்டு நடந்தால், கருவறை அவர் கண்ணுக்கு நேரே வருவது மேற்குப் பிரகாரத்தில் மட்டுமே. கிழக்குப் பிரகாரத்தில் அது அவருக்கு முதுகுப்புறம் இருக்கும். டைரோசின் நிலையும் அதுவே. புவியைப் பார்க்கும் அப்பகுதி பகல் வெளிச்சத்திலும் இருந்தாக வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த நிலப்பரப்புகளை மட்டுமே படமெடுக்க முடிந்தது. ஆகவே பணிக்காலத்தின் சில வாரங்களில் வட அரைக்கோளமும் சில வாரங்களில் தென் அரைக்கோளமும் மாறிமாறிப் பார்வைக்கு வந்தன.

இத்துடன், எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. அசையாது நிற்கும் என்று கருதப்பட்ட அச்சு, மெல்ல விலகத் தொடங்கியது. செயற்கைக்கோளின் மின்சுற்றுகள் அதனை ஒரு வலுக்குறைந்த காந்தமாக ஆக்கியிருந்தன. அக்காந்தத்தைப் புவியின் காந்தப்புலம் நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பிற்று. காரணம் தெரிந்தபின், அடுத்து வந்த டைரோஸ்-2 இல் பொறியாளர்கள் வேண்டுமென்றே ஒரு கம்பிச்சுருளைப் பொருத்தி, அதில் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் அச்சின் திசையைக் கட்டுப்படுத்தினர். இடையூறாக வந்த விசை அடுத்த செயற்கைக்கோளில் சுக்கானாக மாறியது. செயற்கைக்கோள்களைக் காந்தவிசையால் திருப்பும் முறை இன்றும் வழக்கிலுள்ளது.

அச்சின் திசையை அறிய, தொடுவான உணரி ஒன்று வெப்பமான புவிக்கும் குளிர்ந்த விண்வெளிக்கும் உள்ள எல்லையைக் கண்டு குறித்தது. ஓரத்திலிருந்த சூரிய உணரிகள், படத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று கணிக்க உதவின. இவற்றைக் கொண்டு தரைநிலைய ஊழியர்கள் ஒவ்வொரு படத்தின் மீதும் அகலாங்கு, நெட்டாங்குக் கோடுகளின் வலையை வரைந்தனர். படத்தில் கடற்கரையோ ஏரியோ தெரிந்தால் வேலை எளிது. நடுக்கடலின் மேல் முகில் மட்டுமே தெரிந்தால், கணக்கை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. செயற்கைக்கோள் மிகுதியும் தேவைப்பட்டது அந்த நடுக்கடலுக்குத்தான் என்பதைக் கருத, இச்சிக்கலின் கனம் விளங்கும்.

வலை வரைந்தபின், வானிலை ஆய்வாளர்கள் படத்திலுள்ள முகில் வகைகளையும் சுழல்களையும் குறியீடுகளாகக் கையால் வரைபடத்தில் எழுதினர். இவ்வரைபடம் தொலைநகல் மூலம் வாசிங்டனுக்கும், அங்கிருந்து முன்னறிவிப்பு நிலையங்களுக்கும் சென்றது. படம் எடுத்த சில மணிநேரத்துக்குள் இவ்வளவும் நடந்தேறினால்தான் அதற்குப் பயன். மறுநாள் வந்துசேரும் புயற்படம் வரலாற்று ஆவணம் மட்டுமே. ஆய்வுக் கருவியாகவே திட்டமிடப்பட்டிருந்த செயற்கைக்கோளின் படங்கள், ஏவிய சில நாட்களிலேயே அன்றாட முன்னறிவிப்புப் பணிக்குள் நுழைந்தன. அதற்குக் காரணம் மின்னணுவியல் என்பதைவிட, இரவுபகலாகக் கோடு வரைந்த இக்கைகளே என்பது பொருந்தும்.

கண்டறியப்பட்டவை

பணிக்காலத்தில் டைரோஸ்-1 மொத்தம் 22,952 படங்களை அனுப்பியது. அவற்றுள் 19,000க்கும் மேற்பட்டவை வானிலை ஆய்வுக்குப் பயன்படத்தக்கவையாக இருந்தன.

ஏப்ரல் 10 அன்று, ஆசுத்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குக் கிழக்கே பசிபிக் பெருங்கடலில் ஒரு வெப்பமண்டலச் சூறாவளியின் சுழல் படத்தில் பதிந்தது. அவதானிப்பு நிலையங்கள் அரிதாகவே உள்ள கடற்பரப்பு அது. செயற்கைக்கோள் ஏவப்பட்டுப் பத்து நாட்களே ஆகியிருந்தன.

முகில்கள் இவ்வளவு ஒழுங்காக அமைந்திருக்கும் என்று பலர் எதிர்பார்த்திருக்கவில்லை. மிதவெப்பப் பகுதிகளின் தாழ்வழுத்த மண்டலங்கள் ஆயிரம் கி.மீ.க்கு மேல் அகன்ற சுழல்களாகத் தோன்றின. அவற்றின் முகில் பட்டைகள் மையத்தை நோக்கி வளைந்து சென்றன. நார்வேயின் பேர்கன் நகர அறிஞர்கள் முதல் உலகப் போர்க் காலத்தில், சிதறலான தரை அவதானிப்புகளிலிருந்து ஊகித்து வரைந்த புயல் மாதிரியின் பொதுவடிவம் இங்கே கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஒரே பெருங்கடலின் மேல் அடுத்தடுத்துத் தொடர்ந்த புயற்குடும்பங்களையும் படங்களை இணைத்துக் காண முடிந்தது.

மே 19 அன்று எடுத்த படம் ஒன்றில், டெக்சாஸ்-ஒக்லகோமா எல்லைப் பகுதியில் மிகப் பிரகாசமான, ஏறக்குறைய சதுர வடிவிலான தனி முகில் காணப்பட்டது. சுற்றிலும் வானம் தெளிவாக இருந்தது. அதே முகில்தொகுதி அன்று ஆலங்கட்டி மழையையும் சுழல்காற்றுகளையும் உண்டாக்கியது பின்னர் ஒப்பிட்டறியப்பட்டது. கடும் இடிமழையை விண்ணிலிருந்து அடையாளம் காணும் முறைக்கு இந்தச் "சதுர முகில்" தொடக்கப் பாடங்களில் ஒன்றாயிற்று.

முகில் மட்டுமன்றி, செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் கடற்பனியும் படங்களில் தெரிந்தது. வெண்மையாக இருப்பது முகிலா, பனியா என்று பிரித்தறிவது புதிய தொல்லையாக வந்து சேர்ந்தது. மறுநாள் படத்திலும் அது அசையாமல் இருந்தால் பனி என்பது அக்காலத்து எளிய சோதனை.

1960 சூன் நடுப்பகுதியில், மின்சுற்றில் ஏற்பட்ட கோளாறினால் டைரோஸ்-1 இன் பணி முடிவுற்றது. அதற்குள் அது புவியை 1300 முறை சுற்றியிருந்தது.

அரசியற் சூழல்

டைரோஸ்-1 இயங்கத் தொடங்கிய ஒரு மாதத்தில், 1960 மே 1 அன்று, சோவியத் வான்பரப்பில் அமெரிக்காவின் யூ-2 உளவு வானூர்தி சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒரு நாட்டுக்கு மேலே பறந்து படமெடுப்பது குறித்துக் கடும் சர்ச்சை எழுந்த வேளையில், சோவியத் ஒன்றியம் உட்படப் பல நாடுகளுக்கு மேலே டைரோஸ் படக்கருவியுடன் சென்றுகொண்டிருந்தது. அதன் படங்கள் உளவுக்குப் போதாதவை என்பதும், அவற்றை நாசா வெளிப்படையாக வெளியிட்டதும் அமெரிக்காவுக்கு உதவின. செயற்கைக்கோளிலிருந்து பிற நாடுகளைப் பார்ப்பது அமைதிப் பணியாகவும் இருக்கலாம் என்ற வாதத்துக்கு முகிற்படங்கள் தக்க சான்றாயின.

1961 மே 25 அன்று குடியரசுத் தலைவர் கென்னடி, பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவுக்கு அனுப்பும் இலக்கை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதே உரையில், உலகளாவிய வானிலை நோக்குச் செயற்கைக்கோள் அமைப்புக்காக 75 மில்லியன் டாலர் கூடுதல் நிதியும் கோரினார். நிலவுப்பயணத்தின் புகழில் இக்கோரிக்கை மறைந்துபோய்விட்டது. அவ்வாண்டு திசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை வானிலைத் துறையில் பன்னாட்டு ஒத்துழைப்பைக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1963 இல் உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டம் நிறுவப்பட்டது.

பின்வந்த செயற்கைக்கோள்கள்

1960க்கும் 1965க்கும் இடையே பத்து டைரோஸ் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. ராக்கெட் தோல்விகள் சாதாரணமாக இருந்த அக்காலத்தில், பத்தும் சுற்றுப்பாதையை அடைந்தன.

1961 சூலையில் ஏவப்பட்ட டைரோஸ்-3, செப்டம்பர் 10 அன்று அத்திலாந்திக் பெருங்கடலில் எஸ்தர் சூறாவளியைக் கண்டது. செயற்கைக்கோளால் முதலிற் கண்டுபிடிக்கப்பட்ட அத்திலாந்திக் சூறாவளி என்று இதனைக் கூறுவர். மறுநாள் கார்லா என்ற பெரும் சூறாவளி டெக்சாஸ் கரையைத் தாக்கியது. டைரோஸ்-3, ராடார், வானூர்திகள் ஆகிய மூன்றும் அதனைத் தொடர்ந்து கவனித்துவந்தன. கரையோரத்திலிருந்து மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேறினர். கால்வெஸ்டன் புயலைவிடப் பரப்பில் பெரியதாகக் கருதப்படும் கார்லாவினால் இறந்தவர்களின் எண்ணிக்கை ஐம்பதை எட்டவில்லை.

1963 திசம்பர் 21 அன்று ஏவப்பட்ட டைரோஸ்-8, தானியங்கிப் பட ஒலிபரப்பு முறையைக் கொண்டுவந்தது. படம் எடுத்த உடனேயே அதனை மெதுவாக ஒலிபரப்பிக்கொண்டே செல்வது இம்முறை. செயற்கைக்கோள் தலைக்குமேல் செல்லும்போது, விலைகுறைந்த வாங்கி ஒன்றை வைத்திருக்கும் எந்நாட்டவரும் தம் பகுதியின் படத்தைத் தாமே பெறலாம். வாசிங்டனிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டத்தின்போது மும்பையில் இயங்கிய வானிலை மையத்திலும் இத்தகைய வாங்கி அமைக்கப்பட்டது.

1965 சனவரியில் ஏவப்பட்ட டைரோஸ்-9, முதல் டைரோசின் அடிப்படைக் குறையை நீக்கியது. படக்கருவிகள் அடித்தட்டிலிருந்து பக்கச் சுவருக்கு மாற்றப்பட்டன. செயற்கைக்கோள் பாதையில் உருளும் சக்கரம்போல வைக்கப்பட்டதால், ஒவ்வொரு சுழற்சியிலும் படக்கருவி ஒருமுறை நேர்க்கீழே நோக்கியது. துருவங்களுக்கு அருகே செல்லும் பாதையில் அது சென்றதால், 1965 பெப்ரவரி 13 அன்று ஒரே நாளின் படங்களை ஒட்டி உலகம் முழுவதன் முகிற்படத்தை முதன்முறையாக உருவாக்க முடிந்தது. இவ்வடிவமே 1966 முதல் எசா என்ற பெயரில் முறையான வானிலைச் சேவைக்கு வந்தது.

டைரோஸ் வழியில் மேம்படுத்தப்பட்ட ஐடோஸ்-1, 1970 சனவரியில் ஏவப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வங்காள விரிகுடாவின் வடக்கே நகர்ந்த போலா சூறாவளியை அது தெளிவாகப் படமெடுத்தது. புயல் நவம்பர் 12 இரவு கிழக்குப் பாக்கிசுத்தானின், அதாவது இன்றைய வங்காளதேசத்தின், கழிமுகத் தீவுகளைத் தாக்கியது. கடல்நீர் உட்புகுந்ததில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் இறந்தனர். புயல் இருப்பது தெரிந்திருந்தது, எச்சரிக்கையும் வெளியானது. ஆனால் அதன் கடுமை தீவுகளில் வாழ்ந்த மக்களுக்குப் புரியும்படி சென்றுசேரவில்லை. சென்றுசேர்ந்த இடங்களிலும் ஒதுங்குவதற்கு உயரமான கட்டடங்கள் இல்லை. 1961 இல் டெக்சாசில் சாலைகளும் ஊர்திகளும் வானொலியும் படத்துக்குத் துணைநின்றன. 1970 இல் கழிமுகத்தில் அவை இல்லை. கடலோரப் புயற்காப்பகங்களும் தன்னார்வலர் எச்சரிக்கை அமைப்பும் வங்காளதேசத்தில் பின்னரே கட்டியெழுப்பப்பட்டன.

1978 இல் ஏவப்பட்ட டைரோஸ்-என், இப்பெயரை மீண்டும் கொண்டுவந்தது. அவ்வழியில் வந்த துருவச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களுள் இறுதியானது 2009 பெப்ரவரியில் ஏவப்பட்ட நோவா-19 ஆகும்.

எஞ்சியுள்ளவை

செயலிழந்த டைரோஸ்-1 இன்னும் புவியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் உயரத்தில் காற்று மிக அரிது என்பதால், அது கீழிறங்குவது மிக மெதுவாகவே நடைபெறுகிறது. டைரோஸ் வரிசையின் முன்மாதிரி ஒன்று வாசிங்டனிலுள்ள தேசிய வான்-விண்வெளி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இவான்ஸ் முகாமில் முதற்படங்களைப் பெற்ற, 18 மீட்டர் விட்டமுள்ள அலைவாங்கி பல்லாண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தது. முகாம் அறிவியல் அருங்காட்சியகமாக மாறியபின், 2010களில் தன்னார்வலர்களும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இயற்பியலாளர்களும் சேர்ந்து அதனைச் சீரமைத்தனர். அதன்பின் அது பால்வழி மண்டலத்தின் ஐதரசன் முகில்களிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பெறப் பயன்படுத்தப்பட்டது.